நன்னூல் விலக்கிய மாணாக்கர்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில் ஏறக்குறைய நடுவழியில் அமைந்துள்ளது திருக்கழுக்குன்றம். மூவர் பாடலும் மணிவாசகர் பதிகமும் பெற்ற தலம். உச்சி வேளையில் கழுகுகள் வந்து அமுதுண்பதைப் பல தலைமுறையினர் கண்டு கைகூப்பிய மலை. தமிழ் பயில்வோர் அவ்வூரை நினைத்தற்கு மற்றொரு காரணமும் உண்டு. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள் தம் 87ஆம் அகவையில் இறைவனடி சேர்ந்தது அங்கேதான்.

அது போர்க்காலம். அம்மாதத் தொடக்கத்தில் கொழும்பின்மீதும், அடுத்து விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்களின்மீதும் சப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்தது சென்னையே என்ற அச்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை நீங்கினர். முதுமையால் தளர்ந்திருந்த ஐயரவர்களும் திருவல்லிக்கேணி வீட்டைவிட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று தங்கினார். சில நாள்களுக்குள் அவர்தம் வாழ்வு நிறைவெய்தியது.

ஏடு தேடி அலைந்த பதிப்பாசிரியராக ஐயரவர்களை நாம் நன்கு அறிவோம். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அவர் தந்த செல்வங்களை வட்டத்து அன்பர்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. இக்கட்டுரை நோக்குவது வேறொரு பக்கம். துன்பத்தில் உழன்ற ஒரு மாணாக்கரை அவருடைய ஆசிரியர்கள் எங்ஙனம் தாங்கினர் என்பதே இதன் பொருள். நம்முள் ஆசிரியப் பணி புரிவோர் பலர் ஆதலின், இது பழங்கதையாக மட்டும் நின்றுவிடாது என நம்புகிறேன்.

நன்னூல் காட்டும் எல்லை

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறினார். நிலத்தின் இயல்பாக அவர் எண்ணியவற்றுள் பொறுமையும் ஒன்று. அதே பாயிரத்தில், யார் யாருக்குப் பாடம் சொல்லுதல் ஆகாது என்றும் ஒரு பட்டியல் தந்தார். களிப்பவன், சோம்பன், கள்வன் போன்றோர் அதில் இடம்பெற்றதில் வியப்பில்லை. ஆனால் பிணியன், ஏழை, துயில்வோன் என்போரும் அவ்வரிசையிலேயே வைக்கப்பட்டுள்ளனர். ஏழை என்னும் சொல் அங்கு எப்பொருளில் நின்றாலும், நோயுற்றவனையும் எளியவனையும் கண்ணயர்ந்தவனையும் வாயிலுக்கு வெளியே நிறுத்தும் விதி அது. கற்பவனுக்கு உடல்வன்மையும் ஊக்கமும் வேண்டும் என்ற கருத்தில் வகுக்கப்பட்டிருக்கலாம். எனினும் அவ்விதியை அப்படியே கைக்கொண்டிருந்தால் சாமிநாதன் என்ற இளைஞருக்குத் தமிழ்க் கல்வி கிட்டியிராது. அவர் ஏழை, பலகால் பிணியாளர், இரவில் கண்ணயர்ந்தவரும்கூட.

ஆசிரியரின் இளமை

அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். 1815ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த ஊரொன்றில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளையும் தமிழாசிரியரே. மைந்தருக்கு முதலில் தமிழ் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அத்தந்தையை இளம்பருவத்திலேயே இழந்தார் பிள்ளையவர்கள். தந்தையும் ஆசிரியரும் ஒருவராகவே இருந்தமையால் அவ்விழப்பு இரட்டை இழப்பாயிற்று. அதன்பின் அவர் ஓர் ஆசிரியரிடம் நிலைத்திருந்து கற்றாரல்லர். யாரிடம் எந்நூல் கிடைக்குமோ அவரைத் தேடிச் சென்று கேட்டார். தண்டியலங்காரத்தை ஒரு பரதேசியின் பின்னே திரிந்து பாடம் கேட்டார் என்பது தமிழுலகம் அறிந்த செய்தி.

இவ்வாறு வாயில்தோறும் நின்று கற்றவர் பிற்காலத்தில் தம் வாயிலை யாருக்கும் அடைக்கவில்லை. சைவர், வைணவர், கிறித்தவர், இசுலாமியர் என்ற வேறுபாடின்றி அவரிடம் பாடம் கேட்டோர் பலர். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும், கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய தியாகராச செட்டியாரும், இறுதிவரை உடனிருந்து தொண்டு செய்த கிறித்தவ மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையும் அவ்வரிசையினர். கற்க வந்த வறியோருக்கு உணவும் உடையும் தருவது அவர் இயல்பு. தமக்கு வருவாய் உண்டா என்று பார்த்து அவர் அதைச் செய்யவில்லை. அதனால் கடன் அவரை வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்தது.

மாயூரத்திற்கு வந்த இளைஞர்

சாமிநாதையரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்பிரவரி 19ஆம் நாள் சூரியமூலையில் பிறந்தார். தந்தையார் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் பயின்ற இசைவாணர். இராமாயணப் பிரசங்கமும் இசையும் கொண்டு ஊர் ஊராகச் சென்று குடும்பம் நடத்தியவர். நிலையான ஊரின்மையால் மகனுக்கும் நிலையான கல்வி இல்லாதிருந்தது. அரியிலூர், குன்னம், செங்கணம் என்று குடும்பம் சென்ற இடமெல்லாம் இருந்த புலவர்களிடம் அவர் சிறிது சிறிதாகத் தமிழ் கற்றார். 1868இல் மதுராம்பாளுடன் திருமணமும் நடந்தது. அதன் பொருட்டு வாங்கிய கடன் குடும்பத்தை அழுத்தியது.

1871இல், தம் 17ஆம் வயதில், தந்தையாருடன் மாயூரம் சென்று பிள்ளையவர்கள்முன் நின்றார். சில மாதம் இருந்துவிட்டு நீங்கிச் சென்ற மாணாக்கர் பலரைக் கண்டவர் பிள்ளையவர்கள். ஆதலின் முதலில் சற்றுத் தயங்கினார். அவருக்கு இருந்த மற்றொரு கவலை இளைஞரின் உணவைப் பற்றியது. அந்தண இளைஞர் தம் வீட்டில் உண்ண இயலாது. வேறிடத்தில் ஏற்பாடு வேண்டும். அதற்கு வேண்டும் பொருளோ இருபக்கமும் இல்லை. பாடத்தைப் பேசுமுன் உணவைப் பற்றிக் கவலைப்பட்ட ஆசிரியர் அவர். எப்படியோ ஏற்பாடு அமைந்தது. பாடமும் தொடங்கியது.

மாயூரத்தில் அக்காலத்து வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலவும் சாமிநாதையர் சென்று வந்தார். இசையில் மனம் சென்றால் இலக்கியக் கல்வி தளரும் என்று பிள்ளையவர்கள் எண்ணினார். ஆசிரியர் கருத்தை உணர்ந்து மாணாக்கர் இசைப் பயிற்சியை நிறுத்தினார். இசைக் குடும்பத்தில் பிறந்த இளைஞருக்கு அது சிறு இழப்பன்று. ஆசிரியரின் அன்பு எதையும் கேளாத அன்பாக இருக்கவில்லை என்பதற்காகவே இதனைக் குறிக்கிறேன்.

துயில்வோன்

பட்டீச்சுரத்தில் ஆறுமுகத்தா பிள்ளை என்னும் அன்பர் வீட்டில் பிள்ளையவர்கள் மாணாக்கருடன் தங்குவது வழக்கம். அவர் உபசரிப்பில் குறைவில்லாதவர்; ஆனால் கண்டிப்பு மிக்கவர். அவ்வீட்டில் இரவு உணவுக்கு நெடுநேரமாகும். பகலெல்லாம் படித்துக் களைத்த இளைஞர் அதற்குள் கண்ணயர்வார். வீட்டுக்குடையவருக்கு அது பெருங்குற்றமாகத் தோன்றும். விடியற்காலையில் மாணாக்கரை எழுப்பும் அவருடைய குரலை, பூபாள இராகத்தோடு இணைத்து ஐயரவர்கள் பிற்காலத்தில் நகைச்சுவையாக எழுதினார். ஆயினும் அக்காலத்து இளைஞருக்கு அது நகையாக இருந்திருக்க முடியாது.

பிள்ளையவர்கள் அவ்வீட்டில் விருந்தினர், அவ்வுதவியை நம்பியிருந்தவர். ஆகவே அக்கண்டிப்பை எதிர்த்து வெளிப்படையாகப் பேச அவரால் இயலவில்லை. மாணாக்கர் படும் இடர் தெரிந்தும் உள்ளுக்குள் வருந்தியிருந்தார். ஆசிரியர்கள் எல்லாவற்றையும் தடுத்துவிட வல்லவர் அல்லர் என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது. அவரால் இயன்றது ஒன்று. அதை அவர் வழுவாமல் செய்தார். அடுத்த நாள் பாடம் நின்றதில்லை. அவ்வூரில் கேட்ட பாடங்களை ஐயரவர்கள் முதுமையிலும் இனிமையுடன் நினைத்தார்.

பிணியன்

மாணாக்க நிலையில் இருந்த காலத்திலேயே சாமிநாதையருக்கு அம்மை கண்டது. அக்காலத்தில் அம்மை என்றால் உயிர்க்கு உறுதியில்லை. பிழைத்தவருக்கும் கண்ணொளி போதலுண்டு. அவரைத் தாய்வழிப் பாட்டனார் ஊராகிய சூரியமூலைக்குக் கொண்டுசென்றனர். பிள்ளையவர்கள் பெரிதும் கலங்கினார். வடுக்களோடு உயிர்பிழைத்து மீண்ட மாணாக்கரை ஆசிரியர் வரவேற்றுப் பாடத்தில் அமர்த்தினார். இடையில் விடுபட்டதற்காக அவரைக் குறை கூறவில்லை. அவர் இடத்தைப் பிறருக்கு அளிக்கவுமில்லை.

பின்னர்த் திருப்பெருந்துறைப் புராண அரங்கேற்றத்திற்காகப் பிள்ளையவர்கள் அத்தலத்திற்குச் சென்றபோது சாமிநாதையரும் உடன் சென்றார். அங்கே அவரைக் காய்ச்சல் பற்றியது. நாளுக்கு நாள் தளர்ந்தார். அரங்கேற்றம் முடியும்வரை உடனிருக்க வேண்டும் என்பது மாணாக்கரின் ஆவல். ஆசிரியருக்கும் அவரைப் பிரிய மனமில்லை. எனினும் உடல்நலமே முதன்மையெனக் கருதி ஊருக்கு அனுப்பி வைத்தார். தம் நூலின் பெருவிழாவில் தம் அருமை மாணாக்கர் இல்லாதிருத்தலை அவர் பொறுத்துக்கொண்டார். போகாதே என்று நிறுத்துவதும் அன்பு. போய் வா என்று விடுப்பதும் அன்பு. எப்பொழுது எது வேண்டும் என்று தெரிந்துகொள்வதே ஆசிரியருக்கு அரிதாகிறது.

ஏழை

ஊருக்கு மீண்ட ஐயரவர்களைக் கடன் எதிர்கொண்டது. தந்தையாரின் முதுமையும் வருவாய்க் குறைவும் அவர் தோளில் சுமையை ஏற்றின. பெரம்பலூர்ப் பகுதியிலுள்ள காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணம் பிரசங்கம் செய்து, கிடைத்த பொருளால் கடனைத் தீர்க்க முற்பட்டார். படிப்பு இத்துடன் முடிந்தது என்று எவரும் எண்ணத்தக்க கட்டம் அது. கடன் தீர வேண்டுமென்று இடையில் நின்ற மாணாக்கர் மீளாமற் போவதை இன்றும் காண்கிறோம். சாமிநாதையர் மீண்டார். பாடமும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மாணாக்கர் மட்டுமே ஏழையாக இருக்கவில்லை. மாயூரத்தில் ஒருநாள் எண்ணெய் நீராட்டுக்கு ஆயத்தமாகிய பிள்ளையவர்கள், வீட்டில் எண்ணெய் இல்லை என்று தெரிந்து ஒன்றும் பேசாமல் வாடியிருந்தார். எத்துணையோ பிரபுக்கள் போற்றும் புலவரின் இல்லத்தில் இந்நிலை இருப்பதை அன்று கண்டார் மாணாக்கர். தம்மிடம் இருந்த சிறு காசைக் கொண்டு கடைக்கு ஓடி எண்ணெய் வாங்கி வந்து, ஆசிரியர் அறியாமல் சமையல் செய்பவரிடம் கொடுத்தார். ஆசிரியரின் வறுமையைப் பிறர் அறிய வெளிப்படுத்தாமல் உதவ வேண்டும் என்னும் நயம் அவ்விளைஞருக்குப் பாடமாகச் சொல்லித் தரப்பட்டதன்று. ஆசிரியர் பிறருக்கு உதவியதை நாள்தோறும் பார்த்துப் பழகியதால் வந்தது.

ஆசிரியர் மறைவு

1876ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் மறைந்தார். நோய் முற்றிய நிலையில் திருவாசகத்தின் அடைக்கலப் பத்தைப் படிக்கும்படி குறிப்பித்தார் என்றும், அதனை ஐயரவர்கள் அருகிருந்து படித்தார் என்றும் அறிகிறோம். 21 வயது நிரம்பாத இளைஞருக்கு அதுவரை கண்ட துன்பங்கள் அனைத்தும் சிறியனவாகும்படி இத்துன்பம் வந்தது. கற்க வேண்டியவை எஞ்சியிருந்தன. சொல்பவர் இல்லை. எங்குச் செல்வது என்ற திகைப்பு.

இந்த இடத்தில் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் செய்த செயல், ஆசிரியர் என்போர் யாவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. துயருற்றவரிடம் ஆறுதல் மொழி கூறியதோடு அவர் நின்றுவிடவில்லை. மடத்திலேயே இருந்து தம்மிடம் பாடம் கேட்கச் சொன்னார். அதனுடன், இளைய மாணாக்கருக்குப் பாடம் சொல்லும் பொறுப்பையும் அவரிடம் ஒப்புவித்தார். ஆசிரியரை இழந்தவரை ஆசிரியராக்கினார். பிள்ளையவர்களிடம் கேட்டவற்றை மறுநாள் பிறருக்குச் சொல்ல வேண்டிய நிலையில், அழுது அமர்ந்திருக்க இடமில்லாமற் போயிற்று. மறைந்த ஆசிரியரின் விளக்கங்களே மாணாக்கரின் நாவிலிருந்து வெளிப்பட்டன. இழப்பை மறக்கச் செய்யும் முயற்சி இதில் இல்லை. நினைவைப் பணியாக மாற்றும் வழியே இதில் உள்ளது. தம் யாத்திரைகளிலும் தேசிகர் அவரை உடன் அழைத்துச் சென்றார். திருவாவடுதுறையில் குடியிருக்க ஒரு வீடும் கட்டித் தந்தார்.

அடுத்து வந்தது தியாகராச செட்டியாரின் கை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர் 1880இல் ஓய்வு பெறும்போது, அவ்விடத்திற்கு ஐயரவர்களே தக்கவர் என்று உறுதியாக நின்றார். மகனைப் போல் வளர்த்தவரைப் பிரியத் தேசிகருக்கு மனம் வரவில்லை. ஆயினும் மாணாக்கரின் எதிர்காலத்தைக் கருதி இசைந்தார். 1880 பிப்பிரவரி 16ஆம் நாள் மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் ஐயரவர்கள் பணியேற்றார். குடும்பத்தைத் துரத்திய வறுமைக்கு அன்றுதான் ஒரு கரை தெரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததும், சிந்தாமணியை அறிந்ததும், அதன்பின் தமிழுக்கு நேர்ந்த நற்காலமும் நாம் அறிந்தவை. அந்தச் சந்திப்பு நிகழக் கும்பகோணத்தில் அவருக்கு ஒரு வேலை இருந்திருக்க வேண்டும். அந்த வேலை கிடைக்க, தம் இடத்தை விட்டுக்கொடுத்த ஒரு மூத்த மாணாக்கர் இருந்திருக்க வேண்டும். அதுவரை அவர் மனந்தளராதிருக்க, மடத்தின் தலைவர் ஒருவர் அவரைத் தாங்கியிருக்க வேண்டும்.

தேசிகர், செட்டியார் இருவரும் 1888ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். சிந்தாமணி அச்சாகி வெளிவந்ததைக் காணும் பேறு அவர்களுக்குக் கிட்டியது என்பது ஓர் ஆறுதல்.

நன்றியின் வடிவம்

ஐயரவர்கள் கும்பகோணத்தில் 1903 வரையிலும், சென்னை மாநிலக் கல்லூரியில் 1919 வரையிலும், பின்னர்ச் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் 1924 முதல் 1927 வரையிலும் பணியாற்றினார். தமிழ் வகுப்பைப் பொருட்படுத்தாத அக்காலக் கல்லூரிச் சூழலில், பாடலை இசையோடு படித்தும் கதைகளை இணைத்துச் சொல்லியும் மாணாக்கரைக் கவர்ந்தார். ஆசிரியருக்காக அவர் விட்ட இசை, ஆசிரியரான பின் வகுப்பறையில் அவருக்குத் துணைசெய்தது. கல்லூரிக்கு வெளியே அவர் இல்லத்தில் உடனிருந்து கற்றோருள் கி. வா. ஜகந்நாதன் குறிப்பிடத்தக்கவர். பிற்காலத்தில் கலைமகள் ஆசிரியராகப் புகழ்பெற்ற அவர், தம் ஆசிரியரின் இறுதிக்காலம் வரை உடனிருந்து உழைத்தார்.

திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு ஐயரவர்கள் இட்ட பெயர் தியாகராச விலாசம். தமக்கு வேலை தேடித் தந்தவர் பெயரைத் தம் வாயிலில் எழுதி வைத்தார். அவ்வீடு 2012இல் இடிக்கப்பட்டது. பெயர் மட்டும் தமிழர் நினைவில் நிற்கிறது. 1933, 1934ஆம் ஆண்டுகளில் பிள்ளையவர்களின் சரித்திரத்தை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். தம் 80ஆம் வயதை நெருங்கும் பருவத்தில், 57 ஆண்டுகளுக்குமுன் மறைந்த ஆசிரியரின் வாழ்வை, ஊர் ஊராகத் தகவல் தொகுத்து எழுதினார். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றைத் தொடராக எழுதினார். மணிமேகலைப் பதிப்புக் காலத்தை எட்டிய அளவில், அவர் மறைவால் அது முற்றுப்பெறாமல் நின்றது. தம் வரலாறு என்று தொடங்கியதிலும் பெரும்பகுதியை ஆசிரியர்களுக்கே அளித்தார்.

அடைக்கலம்

மீண்டும் திருக்கழுக்குன்றத்திற்கு வருவோம். திருப்பெருந்துறையில் குருவாக எழுந்தருளிய இறைவன் மறைந்தபின் பிரிவால் வருந்திய மணிவாசகர்க்கு, கழுக்குன்றத்தில் அக்காட்சி மீண்டும் கிடைத்தது என்பது மரபு. குருவைப் பிரிந்த மாணாக்கர் ஒருவர் ஆறுதல் பெற்ற தலம் அது. ஆசிரியரின் இறுதி வேளையில் மணிவாசகரின் அடைக்கலப் பத்தைப் படித்த மாணாக்கர், 66 ஆண்டுகள் கழித்துத் தம் இறுதி நாள்களில் அத்தலத்தையே அடைந்தார். இதற்கு மேல் அதுபற்றிக் கூற வேண்டுவதில்லை.

அக்குன்றின் மேலிருந்து கிழக்கே நோக்கினால் தொலைவில் கடல் உள்ளது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பொங்கிய கடற்கோள், கல்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கரையோர ஊர்களையும் தாக்கிற்று. பெற்றோரை, உடன்பிறந்தாரை, வீட்டை, படகை இழந்த பிள்ளைகள் சில நாள்களில் பள்ளிக்கு வந்து அமர்ந்தனர். தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதும் ஆசிரியர்கள் அத்தகைய முகங்களை எதிர்கொண்டனர். பேரிடருக்குப் பின் பள்ளியை விரைவில் திறந்து, வழக்கமான நாளொழுங்கை மீட்டுத் தருவது குழந்தைகளுக்குச் செய்யும் பேருதவி என்று இத்துறை அறிஞர்கள் கூறினர். திருவாவடுதுறையில் 1876இல் தேசிகர் செய்ததும் அதுவே. பாடம் நிற்கக் கூடாது. மாணாக்கருக்கு ஓரிடமும் ஒரு பணியும் இருக்க வேண்டும். உணவுக்கும் உறைவிடத்திற்கும் வழி செய்ய வேண்டும். அதன்பின்னரே ஆறுதல் மொழி காதில் விழும்.

இன்று மனநல மருத்துவரும் ஆலோசகரும் உள்ளனர். அவர்தம் உதவியை வேண்டிய இடத்தில் நாடுதல் ஆசிரியர் கடமை. ஆனால் வகுப்பில் ஒருவன் சில நாளாக உறங்கிவிழுகிறான், ஒருத்தி எழுத்தில் பிழை மலிகிறாள், ஒருவன் வருவதே இல்லை என்பதை முதலில் காண்பவர் ஆசிரியரே. அவனைத் துயில்வோன் என்றும், அவளை மந்தம் என்றும் எழுதி ஒதுக்குவது எளிது. நன்னூலும் துணைக்கு வரும். அவன் இரவில் ஏன் உறங்கவில்லை என்று கேட்பதற்கு நன்னூல் கூறிய நிலத்தின் பொறுமை வேண்டும். ஒரே பாயிரத்தில் இரண்டும் உள்ளன. பிள்ளையவர்கள் விலக்கும் பட்டியலை ஒருபுறம் வைத்து, நிலத்தைக் கைக்கொண்டார். அதனால் நமக்குச் சிந்தாமணியும் புறநானூறும் கிடைத்தன.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் இளைஞர் பலர் கவிதையுடன் வருகின்றனர். அவர்தம் கவிதையில் யாப்புப் பிழையைக் காட்டுவது நம் கடன். சில மாதம் வாராமற் போனவரைத் தேடிச் சென்று, நலமா என்று வினவி, அவருக்குரிய இருக்கை அப்படியே இருக்கிறது என்று சொல்லி வருவதும் நம் கடனே. வரும் ஆண்டுகளில் அதனையும் வட்டத்தின் பணிகளுள் ஒன்றாக நாம் ஏற்றுக்கொள்வோமாக.